கிணற்றடி வாழையும் கணக்கில் வராத உழைப்பும்

வட்டுக்கோட்டை என்ற பெயரைக் கேட்டவுடன் வரலாறு பயின்றோர் இரண்டு நிகழ்ச்சிகளை நினைவுகூர்வர். ஒன்று, 1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் அங்கு நிறுவிய செமினரி. மற்றது, 1976ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள் அதனை அடுத்த பண்ணாகத்தில் கூடிய மாநாட்டில் நிறைவேறிய தீர்மானம். முன்னது கல்வி வரலாற்றுக்கும் பின்னது அரசியல் வரலாற்றுக்கும் உரியன. இரண்டும் முக்கியமானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஆங்கிலக் கல்வி பெற்று வெளியேறிய இளைஞரும் மாநாட்டு மேடையில் ஏறிய பெரியோரும் காலையில் எந்த வீட்டு முற்றத்திலிருந்து புறப்பட்டார்களோ, அந்த வீட்டின் வளவில் கறிக்கு முருங்கையும் கீரையும் வளர்த்த கைகளைப் பற்றி நாம் பாடசாலையிற் கற்பிக்கும் வரலாறு ஒரு சொல்லும் சொல்வதில்லை.

வீட்டுத்தோட்டம் பெண்களின் பொழுதுபோக்கு என்றும், இல்லத்தரசியின் இயல்பான குணம் என்றும் கருதுவோர் நம்மிடையே இன்னும் பலர். இக்கருத்தை நாம் மறுக்கிறோம். அது உழைப்பு, திட்டமிட்ட உற்பத்தி, ஒரு சமுதாயம் பஞ்சத்திலும் போரிலும் அழியாது நிற்பதற்குத் துணைநின்ற பொருளாதாரம். அவ்வுழைப்பு கணக்கில் வராது போனமைக்குக் காரணங்கள் உள்ளன. அக்காரணங்களை வட்டுக்கோட்டையையும் அதனைச் சூழ்ந்த வலிகாமத்தையும் முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியில் மட்டும் நீரோடும் வழுக்கியாறு வலிகாமத்தின் ஊடாக வந்து, வட்டுக்கோட்டையை அடுத்த அராலிப் பக்கத்தில் கடலேரியிற் கலக்கிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்று கொணரும் மழைநீரே நிலத்தடிச் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்கிக் கிணறுகளில் ஊறுகிறது. கடலேரிக்கு அண்மையிலுள்ள கிணறுகளிற் கோடையில் உவர் ஏறும். இத்தகைய மண்ணில் ஒரு கத்தரிச் செடி காய்ப்பதற்கும் ஒருவர் நீர் அள்ளி ஊற்றியாக வேண்டும். இங்கே பசுமை என்பது இயற்கை தந்த கொடையன்று. மனித உழைப்பின் விளைவு.

இம்மண்ணில் வாழ்வோர் நிலத்தை மூன்றாகப் பிரித்து வழங்கினர். மழையை நம்பி நெல் விளைவது வயல். கிணற்றுநீர் இறைத்துப் புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் விளைவிக்கும் விற்பனை நிலம் தோட்டம். வீடும் கிணறும் மாட்டுக்கொட்டிலும் வேலிக்குள் அமைந்த குடியிருப்பு நிலம் வளவு. ‘தோட்டஞ் செய்கிறவர்’ என்றால் ஊரார் ஓர் ஆணையே எண்ணிக்கொள்வர். வளவைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கோ தொழிற்பெயர் எதுவும் இல்லை. பெயரில்லாத தொழிலுக்குக் கூலியும் இல்லை, கணக்கும் இல்லை.

அப்பெண் செய்த தொழில் யாது? கிணற்றடியிற் குளித்த நீரும் துணி தோய்த்த நீரும் வீணாகாதபடி வாய்க்கால் வெட்டி வாழைக்கும் கமுகுக்கும் விட்டாள். பாத்திரம் கழுவிய நீர் அடுக்களைப் புறத்திலிருந்த கறிவேப்பிலைக்கும் தேசிக்கும் போயிற்று. மாட்டெருவும் அடுப்புச் சாம்பலும் உதிர்ந்த இலைகுழையும் பாத்திக்குப் பசளையாயின. கத்தரி, வெண்டி, பயற்றை, பாகல், புடோல், பூசணி, கீரைவகை ஆகியவற்றை மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ப மாற்றி மாற்றி இட்டாள். மரவள்ளியும் இராசவள்ளியும் மண்ணுக்குள் இருக்கும் சேமிப்பு, கைவரள்கையிற் கிண்டியெடுத்துக்கொள்ளலாம். வேலி அடைப்பது ஆண்களின் வேலையாயிருந்தது. வேலியைப் பயன்கொள்வது பெண்களின் வேலை. கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியாலாய் நின்ற வேலியிற் பாகலும் முசுட்டையும் தூதுவளையும் படர்ந்தன. அதே வேலியின் குழை ஆட்டுக்குத் தீனியாயிற்று. பனங்கொட்டையைப் பாத்தியில் அடுக்கிக் கிழங்காக்குவதும், கிழங்கைக் கிழித்துக் காயவிட்டு ஒடியலாக்குவதும், பனங்களியைப் பாயிற் பரப்பிப் பனாட்டாக்குவதும் அவளுடைய ஆண்டுக் கணக்கில் அடங்கிய வேலைகளே.

இவற்றுள் மிக நுண்ணிய அறிவு விதை காப்பதில் அடங்கியிருந்தது. எந்தக் கொடியின் எந்தக் காயை முற்றவிட வேண்டும் என்று தெரிவு செய்வது, எடுத்த விதையைச் சாம்பலிற் பிரட்டி உலர்த்துவது, சாணத்தோடு சேர்த்துச் சுவரில் அப்பி வைப்பது, பயற்றை நெற்றை அடுப்புக்கு மேலே புகைபடத் தொங்கவிடுவது ஆகியன தாயிடமிருந்து மகளுக்கும் மாமியிடமிருந்து மருமகளுக்கும் சென்ற கல்வி. பூச்சியும் பூஞ்சணமும் அணுகாமற் காக்கும் இம்முறைகளுக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாகச் செய்த சோதனை உண்டு. ஆய்வுகூடம் என்ற பெயர்தான் அதற்கு இல்லை.

இதே ஊரில் 1823 முதல் 1855 வரை நடந்த செமினரி இளைஞருக்குக் கணிதமும் வானியலும் இயற்கை விஞ்ஞானமும் கற்பித்தது. அங்கு பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை பிற்காலத்திற் பழந்தமிழ் ஏடுகளைத் தேடிப் பதிப்பித்துத் தமிழுலகின் நன்றிக்குரியவரானார். செமினரியின் வழிவந்த யாழ்ப்பாணக் கல்லூரியிற் பணிபுரிந்த அ. சதாசிவம்பிள்ளை 1886ஆம் ஆண்டில் ‘பாவலர் சரித்திர தீபகம்’ என்னும் நூலை வெளியிட்டுப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்தார். ஏடுகள் செல்லரித்துப் போகுமுன் காக்கப்பட வேண்டும் என்ற உணர்வு இவ்வூர்க் கல்வியோடு நெருங்கிய தொடர்புடையது. அவ்வுணர்வு அடுக்களைப் புறத்துச் சுவரில் அப்பியிருந்த விதையின் பக்கம் திரும்பவில்லை. குற்றம் தனிமனிதருடையதன்று. எழுத்தில் உள்ளதே அறிவு, ஊதியம் தருவதே தொழில் என்ற கொள்கை அக்காலக் கல்விக்கு அடிப்படையாயிருந்தது. அக்கொள்கையினின்று நம் காலக் கல்வியும் முற்றாக விடுபட்டுவிடவில்லை.

வீட்டை அடுத்த தோட்டம் தமிழருக்குப் புதியதன்று. சங்க நூல்களில் வரும் ‘படப்பை’ என்ற சொல் மனையை அடுத்த தோட்டத்தையும் குறிக்கும். குறிஞ்சி நிலத்துப் பெண் தினைப்புனம் காத்தமையைப் பாடாத அகப்பாடல் தொகை இல்லை எனலாம். ஆனால் காத்தவளுக்குப் புனத்தில் உரிமை இருந்ததா என்பது பாடல்கள் எழுப்பாத கேள்வி. இக்கேள்வியை உலக அளவில் எழுப்பியவர்களுள் டென்மார்க் நாட்டுப் பொருளியலறிஞர் எஸ்தர் போசரப் குறிப்பிடத்தக்கவர். 1970ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில், கொத்திப் பயிரிடும் ஆபிரிக்க நாடுகளில் வேளாண்மை பெரிதும் பெண்களின் கையில் இருந்தது என்றும், ஏர் புகுந்த நாடுகளில் அது ஆண்களின் கைக்கு மாறியது என்றும் அவர் காட்டினார். பணப்பயிரும் புதிய தொழில்நுட்பப் பயிற்சியும் ஆண்களையே சென்றடைந்தன என்பதும் அவர் கண்ட உண்மை. நமது குடாநாட்டிலோ தோட்ட நிலத்தையும் பெரும்பாலும் மண்வெட்டியாலேயே கொத்தினர். ஆகவே இங்கு எல்லை வகுத்தது கருவியன்று, சந்தை என்பதே நமது கருத்து. விற்பனைக்கு விளைவது ஆணின் தோட்டமாயிற்று. உண்பதற்கு விளைவது பெண்ணின் வளவாயிற்று.

தோட்டத்திலும் பெண்கள் உழைத்தனர் என்பதை மறத்தலாகாது. களை பிடுங்கினர், நாற்று நட்டனர், வெங்காயம் கிளறிக் கட்டினர். கூலிக்குச் சென்ற பெண்ணுக்கு ஆணிலும் குறைந்த கூலியே கிடைத்தது. சொந்தத் தோட்டத்தில் உழைத்தவளுக்குக் கூலியே இல்லை. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. அதன் பணம் ஆணின் மடியில் வந்து சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஆங்கிலம் கற்ற இளைஞர் கொழும்புக்கும் மலாயாவுக்கும் எழுதுவினைஞராகவும் புகையிரதப் பகுதி உத்தியோகத்தராகவும் சென்றனர். காசுக்கட்டளை வந்தது; கல்வீடு எழுந்தது. யாழ்ப்பாணத்தின் வளம் உத்தியோகத்தால் வந்தது என்று எழுதினர். உண்மையில் அவ்வளத்துக்கு இரண்டு கால்கள் இருந்தன. மாதந்தோறும் அரிசிக்கும் துணிக்கும் மட்டும் பணம் செலவிட்டு, கறியும் கிழங்கும் பழமும் பாலும் வளவிலேயே பெற்றமையாலன்றோ அனுப்பிய பணம் மிச்சப்பட்டுக் காணியாகவும் கல்வீடாகவும் மாறியது? சேமித்தவன் பெயர் உறுதியில் எழுதப்பட்டது. சேமிப்பைச் சாத்தியமாக்கியவள் அன்றாடக் கறியோடு கரைந்துபோனாள்.

இவ்விரண்டாவது காலின் வலிமை 1942ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவ்வாண்டு பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. மார்ச் மாதத்தில் இரங்கூன் வீழ்ந்தது. மலாயாவிலிருந்து வந்த காசுக்கட்டளையும் பர்மாவிலிருந்து வந்த அரிசியும் ஒரே காலத்தில் நின்றன. இலங்கை உண்ட அரிசியின் பெரும்பகுதி அந்நாளில் இறக்குமதியே. பங்கீடு வந்தது, அரசாங்கம் உணவு உற்பத்தியைப் பெருக்குமாறு குடிகளை வேண்டியது. காசுக்கட்டளை நின்ற வீடுகளில் மரவள்ளியும் ஒடியற்பிட்டும் கூழும் முருங்கையிலையும் அடுப்பை அணையாமற் காத்தன. போர்க்கால வரலாறு தளபதிகளின் பெயர்களை நிரைப்படுத்துகிறது. பசியோடு நடந்த போரை வளவுக்குள் நடத்தியவர்கள் அந்நிரையில் இல்லை.

இவ்வாறு கூறுவதால், பழைய வளவு வாழ்வைப் பொற்காலம் என்று போற்ற நாம் முற்படவில்லை. அவ்வாழ்வுக்குள் இரண்டு அநீதிகள் வேரூன்றியிருந்தன.

முதலாவது, வளவு எல்லாப் பெண்களுக்கும் இருக்கவில்லை. 1844ஆம் ஆண்டில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஆயினும் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் பலர் நெடுங்காலம் பிறர் காணியிற் குடியிருந்தனர். வேலிக்குள் கிணறு இல்லாத குடிசையில் வாழ்ந்த பெண், உயர்சாதியார் கிணற்றைத் தொடவும் உரிமையற்று, யாரேனும் அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்துநின்றாள். குடிக்கும் நீருக்கே காத்துநின்றவள் கத்தரிக்கு எந்நீரை ஊற்றுவாள்? தனக்கு இல்லாத தோட்டத்தை அவள் பிறருடைய வளவிற் கூலிக்கு வளர்த்தாள். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சாதியின் பெயரால் விதிக்கப்பட்ட சமூகத் தடைகளைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆனால், தனியார் வேலிக்குள் இருந்த கிணறு சட்டத்தால் மட்டும் திறந்துவிடவில்லை. அதற்குப் போராட்டங்கள் வேண்டியிருந்தன. எழுத்தாளர் கே. டானியல் தம் நாவலொன்றுக்குத் ‘தண்ணீர்’ என்றே பெயரிட்டமை தற்செயலன்று. வீட்டுத்தோட்டத்தின் வரலாறு எழுதுவோர் கீரையிலிருந்து தொடங்குதல் கூடாது. கிணற்றிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

இரண்டாவது அநீதி, வளவு உள்ள பெண்ணையும் பற்றியது. ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டிற் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரியைக் கொண்டு யாழ்ப்பாணத்து வழமைகளைத் தொகுப்பித்தனர். பிரித்தானியர் 1806ஆம் ஆண்டில் அத்தேசவழமைக்குச் சட்டவலு அளித்தனர். அவ்வழமையின்படி பெண்ணுக்குச் சீதனமாகக் காணி கிடைத்தது. வீடும் வளவும் அவள் பெயரிலேயே இருத்தல் பெருவழக்கு. இது பிற சமுதாயங்களில் எளிதிற் காணாத சிறப்பு என்று பெருமை பேசுவோர் உளர். ஆனால், 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைச் சட்டம், மணமான பெண் தன் அசைவற்ற ஆதனத்தைக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று விதித்தது. இவ்விதியை நீக்கக் கோரும் குரல்கள் இந்நூற்றாண்டிலும் எழுந்துள்ளன. காணிக்குச் சொந்தக்காரியாயிருந்தும், அதைக் கொண்டு கடன் பெறவோ தொழில் விரிக்கவோ பிறிதொருவர் கையெழுத்தை எதிர்பார்த்து நிற்பவளின் உடைமையை முழு உடைமை என்று எவ்வாறு சொல்வது?

1950களிலும் 1960களிலும் மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரங்கள் துலாவின் இடத்தைப் பிடித்தன. 1970ஆம் ஆண்டின் பின் அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தவே குடாநாட்டுத் தோட்டக்காரர் செழித்தனர். 1977ஆம் ஆண்டின் பின் இறக்குமதி திறந்துவிடப்பட அச்செழிப்பு சரிந்தது. இரசாயன உரம் மிகுந்த தோட்ட நிலங்களின் நிலத்தடி நீரில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வாளர் பின்னர் பன்முறை எடுத்துக்காட்டினர். சந்தைக்கு ஓடிய விவசாயம் ஏறியும் இறங்கியும் அலைந்தபோது, எருவையும் குழையையும் சாம்பலையும் நம்பிய வளவு தன் சிறிய அளவில் நிலைத்துநின்றது.

1990ஆம் ஆண்டில் மீண்டும் போர் மூண்டது. மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையினால் எரிபொருளும் உரமும் அருகின. மண்ணெண்ணெய் பொன்விலை விற்றது. இயந்திரங்கள் ஓய்ந்த கிணறுகளிற் கப்பியும் கயிறும் மீண்டும் வேலைக்கு வந்தன. கயிற்றைப் பிடித்தவை பெரும்பாலும் பெண்களின் கைகள். ஆண்கள் போரிலும் சிறையிலும் புலம்பெயர்விலும் குறைந்துபோன ஊர்களில், மனையையும் வளவையும் தனித்துத் தாங்கியவள் பெண்ணே. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் வெளியேறியது. இலட்சக்கணக்கானோர் ஓரிரவில் தென்மராட்சிக்கு நடந்தனர். 1996ஆம் ஆண்டு சித்திரையிலிருந்து திரும்பியவர்கள் கண்டவை சிதைந்த கூரையும் காய்ந்த பாத்தியும். முதற் கறிக்கு வேலி முருங்கையே கைகொடுத்த வீடுகள் பல. 2009ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் முடிந்தபின், பெண்களே தலைமைதாங்கும் குடும்பங்கள் வடமாகாணத்திற் பல்லாயிரமாயின. அவர்களிற் பலருக்கு வளவே முதல் ஊன்றுகோல். சங்கானைச் சந்தைக்குக் கீரைப்பிடியும் முருங்கைக்காயும் வாழைப்பொத்தியும் கொண்டு செல்வோரின் பின்னால் இவ்வரலாறு முழுவதும் நிற்கிறது.

அரசுகள் இவ்வுழைப்பை அறியாதவையல்ல. நெருக்கடி வருந்தோறும் அவை வளவை நினைவுகூர்கின்றன. 1942இல் உணவுப் பெருக்க இயக்கம்; 2011இல் வீட்டுப் பொருளாதாரத்தை வளர்ப்பதாகக் கூறிய ‘வாழ்வின் எழுச்சி’த் திட்டம். 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதிக்குத் திடீர்த் தடை விதித்து விளைச்சலை வீழ்த்திய அரசாங்கம், 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளித்து வீட்டுத்தோட்டம் செய்யுமாறு கூறியது. இவ்வறிவிப்பை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். ஊதியம் பெறும் உத்தியோகத்தர் பாத்தி கொத்துவதற்கு அரசு வாரத்தில் ஒருநாள் சம்பளத்தோடு ஓய்வளிக்கிறது. ஆண்டு முழுவதும் அப்பாத்தியைக் கொத்திய பெண்ணுக்கு எந்த அரசும் ஒருநாட் சம்பளமும் ஒருநாள் ஓய்வும் அளித்ததில்லை. அவ்வேலை தேசிய உற்பத்தி என்று 2022இல் அரசே ஏற்றுக்கொண்டது என்றால், அதற்கு முந்திய ஆண்டுகளில் அது என்னவாயிருந்தது?

இது முதலாளித்துவ அரசுகளுக்கு மட்டும் உரிய குறையன்று. சோவியத் ஒன்றியத்தில் 1935ஆம் ஆண்டின் கூட்டுப்பண்ணை விதிகள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சிறிய வீட்டுநிலத்தை அனுமதித்தன. நாட்டின் உருளைக்கிழங்கிலும் மரக்கறியிலும் முட்டையிலும் பெரும்பங்கு பல பத்தாண்டுகளாக அத்துண்டு நிலங்களிலிருந்தே வந்தது. அவற்றிற் பெரும்பாலும் உழைத்தோர், பகலிற் கூட்டுப்பண்ணை வேலையும் முடித்துத் திரும்பிய பெண்கள். உடைமை முறை மாறியபோதும் வீட்டு உழைப்பின் சுமை தானாக இறங்கிவிடவில்லை. முற்போக்குக் கொள்கையை ஏற்ற நாம் இப்பாடத்தை மறைத்துவிட்டு மேலே செல்ல இயலாது.

உலக நிறுவனங்களும் தாமதித்தே கண்திறந்தன. 2013ஆம் ஆண்டு ஜெனீவாவிற் கூடிய தொழிற் புள்ளிவிபரவியலாளரின் 19ஆவது சர்வதேச மாநாடு, குடும்பத்தின் சொந்தப் பாவனைக்காகச் செய்யும் உற்பத்தியும் வேலையே என்று வரையறுத்தது. ஆனால் அதை ஊதியத் தொழிலினின்று வேறாக வைத்தது. வேலை என்று ஏற்றமை ஒரு படி. அவ்வேலை செய்வோரின் நேரத்தையும் விளைவையும் அளந்து கணக்கிலிடுவது அடுத்த படி. கணக்கில் இல்லாதவருக்கு வரவுசெலவுத் திட்டத்தில் இடமில்லை.

ஆகவே, பெண்கள் வீட்டுத்தோட்டத்தைப் பேணுக என்ற அறிவுரையோடு நின்றுவிடும் சொற்பொழிவுகளால் ஆவதொன்றில்லை. காணியற்ற குடும்பங்களுக்குக் காணியும் நன்னீரும் கிடைத்தல் வேண்டும். தன் பெயரிலுள்ள நிலத்தைத் தானே ஆளும் உரிமையை மணமான பெண் பெறுதல் வேண்டும். வாராந்தத் தவணைக்கு விரட்டும் நுண்கடனுக்குப் பதிலாகக் கூட்டுறவுக் கடனும் கூட்டுறவு விற்பனையும் வேண்டும். வட்டுக்கோட்டைக்கு அயலூராகிய மூளாயில் 1930களிலேயே மக்கள் கூட்டுறவு முறையில் வைத்தியசாலை கண்டனர். வைத்தியசாலையைக் கூட்டுறவால் நடத்திய மண்ணுக்கு ஒரு விதைக் களஞ்சியத்தை நடத்துவது இயலாத காரியமன்று. இவற்றோடு, நீர் அள்ளுவதும் களை எடுப்பதும் பெண்ணின் விதி என்ற எண்ணம் ஆண்களின் மனத்திலிருந்து நீங்குதலும் வேண்டும். கிணற்றடி வாழைக்கு நீர் விடுவதற்கு ஆணின் கையும் போதுமானதே.

ஆசிரியரும் மாணவருமாகிய நமக்கு இதில் ஒரு கடமை உண்டு. சாம்பலிற் பிரட்டிய விதையின் மரபை அறிந்த முதிய பெண்கள் நம் ஊர்களில் இன்றும் வாழ்கின்றனர். ஆண்டுதோறும் குறைந்தும் வருகின்றனர். அவர்கள் வளர்த்த பயிர்களின் பெயர், விதை காத்த முறை, நீர் எங்கிருந்து வந்தது, காணி யாருடையது, விற்ற பணம் யாருடைய கைக்குச் சென்றது ஆகியவற்றை ஒவ்வொரு வகுப்பும் தன் ஊரிற் கேட்டு எழுதுமானால், எந்தப் பாடநூலிலும் இல்லாத வரலாறு ஒன்று நம் கையில் வந்து சேரும். கேட்கும்போது வேலிக்கு இப்புறத்தில் மட்டும் கேளாது, கிணறில்லாத குடிசைகளிலும் சென்று கேட்டல் வேண்டும். செல்லரிக்குமுன் ஏடுகளைத் தேடிய மரபு நம்முடையது. அம்மரபு இன்று செல்லவேண்டிய இடம் வளவு.